சுவாவுக்கு நான் அனுப்பிய காவல்

ஃபஹாஹீல், குவைத்
8 டிசம்பர் 2006

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ரகுநாதன் அவர்களுக்கு,

மச்சான் சோலையப்பன் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன். இந்தக் கடிதம் வரும்போது நீங்களும் தங்கை பானுமதியும் சுவாவில் உங்கள் வீட்டிலேயே இருக்கக் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

செவ்வாய்க்கிழமை கேம்ப் மெஸ்ஸில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது டிவியில் உங்கள் ஃபிஜி நாட்டைச் சொன்னார்கள். ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டதாம், பிரதமரை வீட்டைவிட்டு நகரவிடவில்லையாம். கடுகு கருகி மெஸ் முழுக்கப் புகை. அன்றிலிருந்து உங்கள் வீட்டுக்கு போன் போடுகிறேன், லைனே கிடைக்கவில்லை. கணக்கு எழுதப் போவதற்கு இப்படி ஒரு நாட்டையா தேடிப் பிடித்தீர்கள்? "அமைதியான தீவு மச்சான், மீன் நல்லா கிடைக்கும்" என்றீர்களே. அங்கே இது நாலாவது தடவையாமே.

நான் பட்டவன், அதனால் சொல்கிறேன். தொண்ணூறில் ஈராக் ராணுவம் இங்கே நுழைந்த காலையிலும் எங்க சூப்பர்வைசர் "ஒண்ணும் ஆகாது, டூட்டிக்கு வாங்க"ன்னுதான் சொன்னார். அப்புறம் லாரியில நின்னுக்கிட்டே ஜோர்டான் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். அதனால அரிசி, பருப்பு, தண்ணி சேர்த்து வையுங்க. கதவைத் தட்டுறவன் யூனிஃபார்ம் போட்டிருந்தா திறக்கவே கூடாது, பின்பக்கமா ஓடிடணும். பானுமதிக்கு இதைக் கல்யாணத்துக்கு முன்னாடியே பாடமா சொல்லியிருக்கேன். நிலைமை மோசமானா ஒரு லாரியைப் பிடிச்சு எல்லைக்கு... எழுதும்போதுதான் உறைக்குது, உங்களுக்குச் சுத்திலும் கடல். எந்த எல்லைக்குப் போவீங்க? அதை நினைச்சா சோறு இறங்கல மாப்பிள்ளை. அப்பா அம்மா இல்லாம நான் தூக்கி வளர்த்த பொண்ணு அவ.

ஆனா சும்மா இருக்கல. எங்க கேட்ல ஜோனேன்னு ஒரு ஃபிஜிக்கார செக்யூரிட்டி இருக்கான். கதவு அகலத்துக்கு ஆளு, ஹிந்தி பேசுவான். "உங்க ஆளுங்க ஏன் இப்படிப் பண்றாங்க"ன்னு முதல்ல சண்டைக்குத்தான் போனேன். அவன் சிரிச்சுட்டு, "பாய், என் சித்தப்பா பையன் சுவாவுல ராணுவத்துலதான் இருக்கான். உன் தங்கச்சியைப் போய்ப் பார்த்துட்டு வரச் சொல்லவா?"ன்னு கேட்டான். போன உயிர் திரும்பி வந்துச்சு. அவனுக்குத் தினமும் பொரிச்ச மீன் தனியா போகுது. உங்க அட்ரஸ், பானுமதி பேரு, நெத்தித் தழும்பு எல்லாம் சொல்லியிருக்கேன். இனிமே உங்களுக்குக் காவல் உண்டு.

தங்கைக்கு என் ஆசீர்வாதம். உங்கள் வாசலில் எந்தக் கெடுதலும் கால் வைக்காதிருக்க வேண்டும்,

மச்சான்
சோலையப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் பானுமதியே போன் செய்துவிட்டாள். இத்தனை நாளும் அங்க ஒண்ணுமே இல்லையாம். நீங்க வேலைக்குப் போயிருக்கீங்க, அவ துணி காயப்போட்டுக்கிட்டு இருந்திருக்கா. இன்னைக்குக் காலையில ஒரு ராணுவக்காரன் துப்பாக்கியோட வந்து அவ பேரைச் சொல்லி, தழும்பைச் சொல்லி விசாரிச்சானாம். பின்பக்க வேலியைத் தாண்டி ஓடி, தெரிஞ்சவங்க வீட்டுல ஒளிஞ்சிருக்கா. "அண்ணே, நீ சொன்னது சரிதான். என்னைப் பேரு போட்டுத் தேடுறாங்க"ன்னு அழுதா. உண்மையைச் சொல்லாம "தைரியமா இரு"ன்னு வச்சுட்டேன். இந்தக் கடிதம் வந்து சேர ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் அவ பயந்துக்கிட்டு இருக்கக் கூடாது. போன் கார்டு வாங்கப் போறேன் மாப்பிள்ளை. அந்த ஊர்ல அவளைப் பயமுறுத்தின ஒரே ஆள் நான்தான்னு என் வாயாலயே அவகிட்டச் சொல்லணும்.