தண்ணீர் குடிக்காதவர்களின் வாரியம்

மனிதரைவிட யானைகளுக்கு மரியாதை அதிகமான களிற்றுநாட்டில், அரண்மனை யானைக்கொட்டடியின் சாக்கடை தறிக்காரத் தெருக் கிணற்றில் போய்க் கலந்தது. வயிற்றுப்போக்கில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு முரசு அறைந்தார்கள்: தெருவுக்கொரு கிணற்று வாரியம் அமையும், எல்லாச் சமூகத்தாரும் தன்னார்வத்தோடு முன்வரலாம்.

முதல் ஆளாகப் போய் நின்றவள் குருவம்மாள். அந்தத் தெருவில் இட்லி சுட்டு விற்பவள். அவள் மகள் பொன்னியும் பன்னிரண்டு நாளாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். சாக்கடையைத் திருப்பிவிடும்படி வாரியத்தில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

வாரியங்களின் பேரதிகாரி வித்தகனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தக் கிணற்றுத் தண்ணீரையா குடிக்கிறாய்?"

"வேற எந்தத் தண்ணியக் குடிப்பேன் சாமி?"

"அப்படியானால் இதில் உனக்குத் தன்னலம் இருக்கிறது. தன்னலம் உள்ளவர் தன்னார்வலர் ஆக முடியாது."

"குடிக்காதவங்க எதுக்கு சாமி இந்தக் கெணத்தப் பத்திக் கவலைப்படணும்?"

"அதற்குப் பெயர்தான் நடுநிலை."

மறுநாள் சலுகை ஒன்று அறிவிக்கப்பட்டது. உறுப்பினராக விரும்புவோரின் தெருவார் அனைவரும் நாற்பது நாள் அந்தக் கிணற்றில் இறைக்காமல் இருந்தால், தன்னலம் நீங்கியதாகக் கொள்ளப்படும். தெரு கூடிப் பேசிச் சம்மதித்தது. ஒரு காதம் நடந்து ஆற்றில் தண்ணீர் சுமந்தார்கள். காவலர்கள் காலையும் மாலையும் வாயை முகர்ந்து பார்த்துச் சான்று எழுதினார்கள். குருவம்மாளுக்கு முழங்கால் வீங்கியது; இட்லிக்கடை மூடிக் கிடந்தது. ஆனால் பொன்னி எழுந்து உட்கார்ந்தாள். கெடுதல் கிணற்றில்தான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று குருவம்மாள் வாரியத்தின் முதல் கூட்டத்துக்கு விரைந்தாள்.

வித்தகனார் தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தார். "நாற்பது நாளாக இந்தக் கிணற்றில் ஒருவரும் இறைக்கவில்லை. எனவே இது தேவையற்ற கிணறு. மண் போட்டு மூடப்படும்."

குருவம்மாள் எழுந்தாள். "நீங்க சொல்லித்தானய்யா இறைக்காம இருந்தோம்! அந்தத் தண்ணியக் குடிக்காததால எம்மக எழுந்து உக்காந்தா. சாக்கடையத் திருப்புங்கன்னு கேக்க வந்தோம்."

"யானைக்கொட்டடி இந்த வாரியத்தின் எல்லைக்குள் வராது. மகள் தேறிய உன் மகிழ்ச்சி குறிப்பேட்டில் பதிவு செய்யப்படும்."

பொழுது சாய்வதற்குள் கிணற்றை மூடிவிட்டார்கள். ஆறு வரை நடக்க முடியாதவர்கள் பக்கத்து வீட்டுக் குடத்தைப் பார்த்துக் காத்துக் கிடந்தார்கள். இரண்டு நாள் பொறுத்தாள் குருவம்மாள். மூன்றாம் நாள் காலை மண்வெட்டியோடு போனாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலில் சாக்கடையைக் கல் வைத்து அடைத்தார்கள்; பிறகு தோண்டினார்கள்.

நண்பகலில் வித்தகனார் படையோடு வந்தார். "அரசு மூடிய கிணற்றைத் தோண்டிய குற்றவாளிகள் தாமாக முன்வரலாம்!"

குருவம்மாள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். பொன்னியை நினைத்துக்கொண்டாள். "நாந்தான் தோண்டுனேன்," என்று முன்னால் வந்தாள்.

"நானும்," என்றார் ஒரு நெசவாளர். பிறகு சாயக்காரர், நாவிதர், முரசு அறைந்தவர். வரிசை நீண்டு அரண்மனை வாசலைத் தொட்டது.

எண்ணிக்கொண்டே வந்த வித்தகனாரின் கண்கள் கலங்கின. அங்கேயே அரசருக்கு ஓலை எழுதினார்: "முரசு அறையாமலே, எல்லாச் சமூகத்திலிருந்தும் நானூற்றுப் பதினேழு பேர் தாமாக முன்வந்திருக்கிறார்கள். நம் திட்டம் மாபெரும் வெற்றி."

அரசர் அகமகிழ்ந்தார். ஒரு நாழிகைக்குள் ஆணை வந்தது: "இதே முறையில் நாட்டின் மற்றக் கிணறுகளையும் உடனே மூடுக."

ஆணை வாசிக்கப்படுவதைக் கேட்டு, குருவம்மாள் கையைக்கூடக் கழுவாமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். வரிசை கலையவில்லை, அவளுக்குப் பின்னால் அடுத்த தெருக் கிணற்றை நோக்கித் திரும்பியது.