ஆறு மணி பஸ்ஸுக்கு உங்கள் கையெழுத்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அக்கா புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், பட்டறையும் நடக்கிறது. அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதன் அடியில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பி வைக்கவும். எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொல்ல ஆரம்பித்தால் "அத்தான், மீட்டிங்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

நம்ம பையன் செஞ்ச தெரு உங்களுக்குத் தெரியும். நீங்க வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டர்லதான் செஞ்சான். பஸ் ஓட்டுற விளையாட்டு அது. கம்பெனிக்காரன் விக்கிறது பஸ்ஸும் நாலு ரோடும்தான். மத்தபடி ஆடுறவங்களே ரோடு, கடை, ஆளுன்னு சொந்தமா செஞ்சு அதுக்குள்ள சேர்த்துக்கலாம். அதுக்கு மாட்னு பேரு. நம்மாளு நம்ம தெருவையே அப்படியே செஞ்சு சேர்த்துட்டான். டெய்லர் கடை, சலூன், நம்ம வீடு, நான் வெல்டிங் வெச்ச கேட் எல்லாம் இருக்கு. அந்தக் கேட்டுல கீழ்க் கம்பி ஒண்ணு கோணலா இருக்கும், கரண்ட் போயிட்டு வந்த நேரத்துல வெச்சது. அந்தக் கோணலைக்கூட விடல அவன். "ஏண்டா, ஊருக்கே காட்டணுமா?"ன்னு கேட்டேன். "அது இல்லாட்டி நம்ம கேட்டே இல்லப்பா"ன்னான். கேட்ட எல்லாருக்கும் சும்மாவே குடுத்தான். ராத்திரி சாப்பாட்டுப் பொட்டலம் டெலிவரி பண்ணுவான், பகல்ல தெருவைக் கட்டுவான். அப்படித்தான் பைக்கோட லாரிக்கு அடியில போனான். அதை மறுபடியும் எழுதலை.

அவன் போனப்புறம் உங்க அக்கா சாயங்காலம் ஆறு மணி ஆனா அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி போய் உக்காருவா. பஸ் ஓட்டத் தெரியாது, ஓட்டவும் மாட்டா. பயணியா ஏறி ஜன்னலோரம் உக்காந்துக்குவா, பஸ் தானா ஓடும். கடைசி ஸ்டாப்புல கண்டக்டர் குரல் வரும். அது பையனோட சொந்தக் குரல். "இறங்குறவங்க எல்லாம் இறங்கியாச்சா? யாராச்சும் தூங்குறீங்களா?" இவ இங்கேருந்து, "நான் இருக்கேன்டா"ம்பா. அப்புறம் எழுந்து வந்து அடுப்பைப் பத்த வைப்பா. டாக்டர் குடுத்த மாத்திரையெல்லாம் அலமாரியிலயே கிடக்கு. அந்தப் பஸ்தான் மாத்திரை.

இப்படி ஓடிட்டிருந்தப்போ, கம்பெனிக்காரன் நெட்லயே சொந்தமா ஒரு கடை தொறந்துட்டான். இனிமே மாட் எல்லாம் அந்தக் கடைக்குள்ளதான் இருக்கணுமாம், விலையும் வெச்சுக்கலாமாம், வெளியில இருக்கிறது எதுவும் திறக்காதாம். பையனோட கூட்டாளி ஒல்லி ஓடி வந்து சொன்னான். சலூன்ல பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு. ஒல்லி குதிக்கிறான்: "அவன் சும்மா குடுத்தது மாமா! அதுல விலைச்சீட்டு ஒட்டுனா அவன் நெத்தியிலயே ஒட்டுன மாதிரி. நாம செஞ்சதை வெச்சு அவங்க கல்லா கட்டுவாங்களா?" பாதி மீசை எடுத்த முகத்தோட டெய்லர் சொன்னார்: "சும்மா குடுத்து என்னத்தக் கண்டான்? அன்னைக்கே அதுக்கு ஒரு கூலி கிடைச்சிருந்தா, அந்தப் பையன் ஏன்டா ராத்திரி பொட்டலம் தூக்கப் போறான்?" சலூன்காரர் கத்தியை அப்படியே நிறுத்திட்டார். டெய்லர் மிச்ச மீசையோடயே எழுந்து கடைக்குப் போயிட்டார். அடுத்த நாள் வரைக்கும் அந்தக் கோலத்துலதான் அளவெடுத்தார், சிரிக்கத்தான் ஆள் இல்ல.

வீட்டுக்கு வந்து உங்க அக்காகிட்ட சொன்னேன். "ரெண்டு பேரும் சொல்றது சரிதான். எனக்கு ஆறு மணிக்கு பஸ் வேணும்"னா. நீங்களும் போன்ல, "கம்பெனிகிட்டயே குடுத்துடுங்க அத்தான், பத்திரமா இருக்கும்"னீங்க. ஒல்லி முனகிக்கிட்டே பையனோட கணக்குல ஏத்தினான், விலை மட்டும் போடல.

இதுக்கப்புறம்தான் நான் காரியத்தைக் கெடுத்தேன். கம்பெனியிலருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. தேன் மாதிரி குரல். முதல்ல, இந்தப் பேச்சு பதிவாகுதுன்னு மிஷின் சொல்லிச்சு, அப்புறம் அது பேசிச்சு. "சார், இது முழுக்க உங்க மகன் செஞ்சதுதானா? வேற யாரோடதும் இதுல இல்லையே?"

ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். எவனோ செஞ்ச கேட்டை தன்னோடதுன்னு சொல்லி கூலி வாங்குறவனுங்களைப் பார்த்துப் பார்த்து வெந்தவன் நான். பொய் சொல்லலாமா? "அது எப்படிம்மா? வீட்டைக் கட்டினது கொத்தனார், கேட் என்னுது. வாசல்ல படுத்திருக்கே, அந்த நாய் டெய்லரோடது. சலூன் பலகை எழுதினது பெயின்டர். பின் சீட்டுல ஒரு ஆள் 'டேய், ஒழுங்கா ஓட்டுடா, படிக்கிற வேலையைப் பாருடா'ன்னு திட்டிட்டே வருவாரே, அது என் மச்சினன் குரலும்மா, அவன் தாய்மாமன்"னேன். அது எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "ரொம்ப நன்றி சார்"னுச்சு. அன்னைக்கு சாயங்காலம் தெரு மூடிடுச்சு. உரிமைப் பிரச்சினையாம். நான் சொன்ன அத்தனை பேரும் சம்மதக் கையெழுத்துப் போட்டாத்தான் தொறப்பாங்களாம்.

உங்க அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலை. ஆறு மணிக்கு இருட்டுத் திரை முன்னாடி போய் உக்காருறா, எழுந்து வந்து அடுப்பைப் பத்த வைக்கிறா, மேல எதையும் ஏத்தாம அப்படியே எரிய விடுறா.

அப்புறம் நான் தாளைத் தூக்கிட்டு வீடு வீடா அலைஞ்சேன். கொத்தனார் உடனே போட்டார், ஆனா, "படிக்கட்டு கொஞ்சம் உசந்துபோச்சு, விளையாட்டுலயாவது இறக்கி வைக்கச் சொல்லு"ன்னார். பெயின்டர் அந்தப் பலகையில ஒரு எழுத்து சாஞ்சு இருக்கு, திருத்தினாத்தான் போடுவேன்னு நின்னார். கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். நாய்க்கு யார் போடுறதுன்னு டெய்லருக்கும் அவர் சம்சாரத்துக்கும் சண்டை. "சோறு போடுறது நானு, கையெழுத்து மட்டும் இவரா?"ன்னு அந்தம்மா கேக்குது. கடைசியில ரெண்டு பேரும் போட்டாங்க. போட்டுட்டு டெய்லர், "பையன் நாயோட காதை அளவெடுக்க வந்தப்போ என் டேப்பைத்தான் வாங்கிட்டுப் போனான்"னார்.

பாக்கி நீங்க ஒருத்தர்தான். உங்களுக்குத் தெரியாம உங்க குரலைப் போட்டான்னு கோபம் இருக்கலாம். நீங்க அவன் போனுக்குப் பேசி அனுப்பின திட்டுதான் அது, அவன் அழிக்காம வெச்சிருந்தான். கம்பெனிக்கிட்ட குடுக்கச் சொன்னதும் நீங்கதான், அதனால மறுக்காம போட்டு அனுப்புங்க. நீங்க போட்டாத்தான் பஸ் ஓடும், உங்க அக்கா அடுப்புல பாத்திரம் ஏறும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் பைக் கேட்டால் வாங்கித் தர வேண்டாம். எல்லாரும் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் அத்தான்.

பின்குறிப்பு: கையெழுத்து வேண்டாம் மாப்பிள்ளை. உறையை ஒட்டப் போறப்போ அந்தப் பொண்ணு மறுபடி கூப்பிட்டுச்சு. வழக்கம்போல, பேச்சு பதிவாகுதுன்னு மிஷின் முதல்ல சொல்லிச்சு. யார் போட்டாலும் சரி, கடைசியா செஞ்சவரே வந்து சம்மதம்னு சொல்லணுமாம், புது விதியாம். "அவன் செத்துட்டான்னு அன்னைக்கே சொன்னேனேம்மா"ன்னேன். "தெரியும் சார். அதை எழுத இங்க இடம் இல்லை. சம்மதம், சம்மதம் இல்லை, ரெண்டுதான் இருக்கு"ன்னுச்சு. "அவன் குரல் அதுக்குள்ளயே இருக்கு, தொறந்து கேளுங்க"ன்னேன். தொறக்கணும்னா அவர் சம்மதம் வேணும் சார்ங்குது.

அப்புறம் அந்தப் பொண்ணு மெதுவா சொல்லுச்சு: "கடை வர்றதுக்கு முன்னாடி நானும் அந்தப் பஸ்ல போயிருக்கேன் சார். உங்க கேட்டுல கீழ ஒரு கம்பி கோணலா இருக்கும். கடைசி ஸ்டாப்புல, 'இறங்குறவங்க எல்லாம் இறங்கியாச்சா? யாராச்சும் தூங்குறீங்களா?'ன்னு வரும்ல?"

போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அடுப்பு பக்கத்துல இருந்து உங்க அக்கா சொன்னா, "நான் இருக்கேன்டா."

அந்தப் பொண்ணு போனை வெச்சிடுச்சு. இப்போ உங்க அக்கா குரலும் கம்பெனிக்குப் போயாச்சு மாப்பிள்ளை. அதுக்கு மட்டும் அவங்க யார்கிட்டயும் கையெழுத்துக் கேக்கல.