ரூட்டு அண்ணன் கண்டுபிடித்த திருப்பதி

நகரியிலிருந்து திருப்பதிக்குப் போக வழி கிடைக்காத ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் ரூட்டு அண்ணன்தான். யாரைக் கேட்டாலும் கை காட்டும் ஊர் அது. இவர் தலை நரைக்கும் வரை லோடு வண்டி ஓட்டியும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். விசைத்தறி வைத்திருக்கும் எங்களுக்கெல்லாம் அவர் ரூட்டு அண்ணன். வேட்டி, துண்டு, லுங்கி எதுவானாலும் அவர் வண்டியில் ஏற்றினால் திருப்பதிக் கடைகளுக்குப் போகும். எந்த வழியாக, எப்போது என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

நேர்வழி புத்தூர் வழியாகப் போகிறது. அங்கே கூட்டுரோட்டில் ஒரு டீக்கடை, அதன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் ஒரு துணித் தரகர். வண்டியை மறித்து அன்போடு டீ வாங்கிக் கொடுப்பார். நாம் டீயை ஆற்றுவதற்குள் அவருடைய ஆள் மூட்டையைப் பிரித்துவிடுவான். தரகர் துணியைத் தடவிப் பார்த்து ஒரு விலை சொல்வார். எங்கள் தொழிலில், ஒருவர் பிரித்து விலை சொன்ன மூட்டைக்கு அடுத்தவர் அதற்கு மேல் தரமாட்டார். நம் வண்டி திருப்பதியைத் தொடுவதற்குள் அந்த விலை போனில் கடைவீதி முழுக்கப் போயிருக்கும்.

அந்தக் காலத்து மாலுமிகள் ஏன் புதுக் கடல்வழி தேடினார்கள் என்று எங்கள் சோஷியல் மாஸ்டாரு பாடம் நடத்தியிருக்கிறார். பழைய வழியில் ஊருக்கு ஊர் ஒருவர் உட்கார்ந்து மிளகு விலையில் கை வைத்தார்களாம். பரீட்சையில் எழுதிவிட்டு நான் மறந்துவிட்டேன். ரூட்டு அண்ணன் பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போகாதவர். ஆனால் அவருக்கும் அந்த மாலுமிகளுக்கும் ஒரே வியாதி. அவர்களுக்குக் கடல் இருந்தது, இவருக்குக் கார்வேட்டிநகரம் இருந்தது.

ஒருமுறை அந்தப் பக்கமாக மேற்கே கிளம்பியவர் சாயங்காலம் போன் செய்தார்.

"தம்பி, ரயிலு போய்க்கினு இருக்குது. பெரிய ஊரு மாதிரி கீது."

"அண்ணா, போர்டுல இன்னா எழுதிக்கீது?"

"பாகாலான்னு போட்டுக்கீது. அது கெடக்கட்டும். புத்தூரு வரலியே, அத்த பாரு."

போனில் மேப் போட்டுக் கொடுத்தேன். ஒரே நாளில் அணைத்துவிட்டார். "அதுல பேசற பொண்ணு தரகரோட ஆளு. எங்க திருப்புனாலும் புத்தூருக்குத்தான் போவ சொல்லுது" என்றார்.

போன வருஷத்துக்கு முந்தின புரட்டாசியில் எங்களுக்கே கண்டம் வந்தது. திருப்பதிக் கடை ஒன்று சந்தன நிறத்தில் வேட்டியும் துண்டும் கேட்டிருந்தது. சாயப்பட்டறைக்காரர் பதமாகப் பார்த்துப் பார்த்துச் சாயம் ஏற்றியதில் எல்லாம் பளிச்சென்று மஞ்சளாக வந்து நின்றது. கடைக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். வேறு கடை ஏதாவது அந்தத் துணியை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மூட்டை பிரிபடாமல் திருப்பதி போய்ச் சேர வேண்டும்.

"தரகர் கையில மாட்டிச்சின்னா ரெண்டு தறிய வித்துட வேண்டியதுதான்" என்றார் என் கூடப்பிறந்த அண்ணன். சரக்கோடு நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

ரூட்டு அண்ணன் வண்டியைக் கிழக்கே திருப்பினார். திருப்பதி வடமேற்கில் இருக்கிறது என்றேன். "அது தெரிஞ்ச வழி" என்றார். மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரை, கரும்புக்கொல்லை, மறுபடியும் ஏரிக்கரை. கடைசியில் ஒரு தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு ரைஸ் மில் ஷெட். அதற்குள் திருமலைக்கு நடந்து போகும் கூட்டம் ஒன்று தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் மஞ்சள் உடுத்தியிருந்தார்கள். விரதம் முடியும் வரை வேறு நிறம் உடுத்த மாட்டார்கள். மாற்றுத் துணிப் பையும் நனைந்துவிட்டது. மில் வாட்ச்மேன் கொடுத்த நீல லுங்கியை வாங்கி மடி மேல் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் பல் கிட்டித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

ஒரு அம்மா எங்கள் வண்டியைப் பார்த்துக் கேட்டார். "வண்டில இன்னா துணி, நைனா?"

"வேட்டி, துண்டு" என்றேன். பிரித்த மூட்டையோடு திருப்பதி போனால் என்ன விலை கிடைக்கும் என்ற பயத்தில் நிறத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

ரூட்டு அண்ணன் இறங்கிப் போய், வாழ்க்கை முழுவதும் யாரையும் தொடவிடாத மூட்டைக் கயிற்றைத் தானே அவிழ்த்தார். "மஞ்ச துணிம்மா. திருப்பதி கடைக்கு இன்னா வெலயோ அதே வெலதான். மொதல்ல கட்டிக்கங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

பின்னாலேயே இன்னும் இரண்டு கூட்டம் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தது. இருட்டுவதற்குள் வண்டி காலி, பணம் கையில். தறி தப்பித்தது. நான் மழையோடு மழையாகக் கொஞ்சம் அழுதேன்.

"பாத்தியா தம்பி, திருப்பதி வந்துட்டோம்" என்றார் ரூட்டு அண்ணன்.

வாட்ச்மேன் தெலுங்கில் குறுக்கிட்டார். "இதி பிச்சாட்டூரு அன்னா."

ரூட்டு அண்ணன் என் காதோடு சொன்னார். "இவங்க அப்படி சொல்லிக்கினு இருக்காங்க."

இன்றுவரை அவர் அந்த இடத்தைத் திருப்பதி என்றுதான் சொல்கிறார். ஊரில் செய்தி பரவி, போன புரட்டாசியில் தறிக்காரர்கள் எல்லோரும் மஞ்சள் துணியோடு பிச்சாட்டூருக்குப் படையெடுத்தார்கள். ரைஸ் மில் வாசலில் அதே பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. தரகர் டீ சொன்னார். ரூட்டு அண்ணன் குடிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்தான், இப்போது காளஹஸ்திப் பக்கம் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார்.

வேறு வண்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று பலரும் சொல்லிவிட்டார்கள். நேராகப் போகும் வண்டிகள் நகரியில் நிறையவே இருக்கின்றன. ஆனால் எங்கள் தறியில் எந்தச் சரக்கையும் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுகிறோம். அந்த இரண்டு நாளும் ரூட்டு அண்ணன் வழி தவறுவதற்கு.