கால்வாயில் நீரோட்டம் நன்று

செய்தித்தாள் வாசிப்பவர்களில் பல ரகம் உண்டு. சினிமாப் பக்கத்தில் தொடங்கி சினிமாப் பக்கத்திலேயே முடிப்பவர், ராசிபலனைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பவர், மின்சார ரயிலில் அடுத்தவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக்கொண்டே வந்து, அவர் பக்கத்தைத் திருப்பினால் கோபித்துக்கொள்பவர் என்று வரிசை நீளும். இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. இன்னொரு ரகம் இருக்கிறது. அது செய்தியைப் படிக்காது. செய்தித்தாளின் முதலாளியைப் படிக்கும். அதனிடம் போய், ‘சாயங்காலம் மழை வருமாம் சார்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘எதுல போட்டிருக்கான்?’ என்பது முதல் கேள்வி. ‘அது யாரோட பேப்பர் தெரியுமோ?’ என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்விக்குள் நீங்கள் இருவரும் நனைந்திருப்பீர்கள்.

சந்தேகமாக இருந்தால் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இறங்கி, ‘பேப்பர் மாமா வீடு எது?’ என்று கேளுங்கள். கோமதி நகர் எக்ஸ்டென்ஷன் பக்கம் கை காட்டுவார்கள். அங்கே குடியிருப்பவர் ஸ்ரீரங்கன். தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதாவது, யார் காட்டும் எந்தக் கணக்கையும் நம்பாமல் இருப்பதற்காகவே அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கியவர். சம்பளம் நின்ற பிறகும் மனிதர் வேலையை நிறுத்தவில்லை.

காலையில் அயூப்பின் கடையில் அவருடைய பூஜை ஆரம்பமாகும். அயூப் சந்திப்பில் பேப்பர் விற்பவர்; ஓரமாக ஒரு ஜெராக்ஸ் இயந்திரமும் வைத்திருக்கிறார். ஸ்ரீரங்கன் நான்கு பேப்பர் வாங்குவார். முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடிவாரத்தில் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்திருக்கும் ‘அச்சிட்டு வெளியிடுபவர்’ என்ற வரியைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிப்பார். நேற்றைக்கும் இன்றைக்கும் பெயர் மாறியிருக்கிறதா? இல்லை. அப்பாடா. பிறகு விளம்பரங்கள். எந்த அமைச்சகம் எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறது, எந்த மாமனாரின் நகைக்கடை எந்த மருமகனின் பத்திரிகையில் இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்த பிறகு, தலைவர்களின் படங்களை விரலால் அளப்பார். செய்தி மட்டும் கடைசிவரை தொடப்படாமல் கற்புடன் இருக்கும்.

“அயூப், நேத்திக்கு இந்தப் பேப்பர்ல தலைவர் சிரிச்சிண்டிருந்தார். இன்னிக்கு இருமற மாதிரி ஒரு போட்டோ. என்ன அர்த்தம் சொல்லு.”

“சளி புட்ச்சிருக்கும் சார்.”

“முதலாளிக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை முறிஞ்சுடுத்துன்னு அர்த்தம்.”

சங்கடம் என்னவென்றால், பல சமயம் அவர் சொல்வது பலித்துவிடும். ஒரு முதலாளியின் சிமெண்டு ஆலைக்கு அனுமதி கிடைத்த வாரம் அவருடைய பத்திரிகையில் பாரத தேசத்தில் பாலும் தேனும் ஆறாக ஓடின. அனுமதி ரத்தான வாரம் அதே தேசத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. அதை முதலில் கண்டுபிடித்துக் காலனிக்குச் சொன்னவர் ஸ்ரீரங்கன்தான். முழுமூடனைத் திருத்திவிடலாம், பாதி சரியாகச் சொல்பவரை என்ன செய்வது?

இப்படி இருக்கையில்தான் தேர்தல் வந்தது. ஆட்சிக்காலம் பாதிகூடத் தாண்டவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லோரும் தயிர்சாதத்தில் கை வைத்திருந்த நேரத்தில், நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். மறுநாள் ஒரு பேப்பர் ‘துணிச்சலான முடிவு’ என்றது. இன்னொன்று ‘பயத்தில் எடுத்த முடிவு’ என்றது. மூன்றாவது, யார் ஜெயிப்பார் என்று தன் முதலாளி இன்னும் தீர்மானிக்காததால் ‘முக்கியமான முடிவு’ என்று போட்டது. நான்காவது, தங்கம் விலையைத் தலைப்பாகப் போட்டுவிட்டுத் தேர்தலை எட்டாம் பக்கத்துக்கு அனுப்பியது. ஸ்ரீரங்கனுக்கோ தலைகால் புரியவில்லை. பெண் கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்போலத் தெருவில் வருகிற போகிறவர்களை எல்லாம் நிறுத்தி நான்கையும் விரித்துக் காட்டினார்.

காட்டக் காட்ட ஆவேசமும் ஏறியது. இந்த நாட்டில் முதலாளி இல்லாத பத்திரிகை ஒன்றுகூடவா கிடையாது? கிடையாது என்றால் நாமே நடத்தினால் என்ன? அன்று மாலையே ‘நடுநிலை’ பிறந்தது. ஒரே தாள், இரண்டு பக்கம், ஞாயிறுதோறும் காலனியின் எல்லா வாசலுக்கும் இலவசம். தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘முதலாளி இல்லாத ஏடு’ என்றிருந்தது. ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர், கதவிடுக்கில் செருகுபவர் எல்லாம் ஸ்ரீரங்கனே. வாசகர் கடிதம்கூட முதல் இதழுக்கு அவரேதான் எழுதிக்கொண்டார், பாராட்டித்தான் எழுதியிருந்தார்.

முதல் இதழைத் தன் ஜெராக்ஸ் இயந்திரத்தில் அடித்துக் கொடுத்ததும் அயூப் தலையைச் சொறிந்தார்.

“சார், பேப்பர் ஷோக்கா கீது. ஆனா காயிதம், இங்க்கு எல்லாம் இன்னா வானத்துலேர்ந்தா வருது? யாராவது ஒரு வெளம்பரம் குட்த்தா நல்லாயிருக்கும்.”

விளம்பரம் என்றால் முதலாளியா? இல்லையே. விளம்பரதாரர் வேறு, முதலாளி வேறு என்று ஸ்ரீரங்கன் அயூப்புக்கு விரிவாக விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் விளம்பரதாரரே வந்துவிட்டார். ஷ்யாம்சுந்தர். அடுத்த தெருவில் செப்டிக் டேங்க் லாரிகள் வைத்திருப்பவர். சிரித்த முகம், வெள்ளைச் சட்டை, பேச்சுக்குப் பேச்சு ‘மாமா’ என்று கூப்பிடுவார். இரண்டாம் பக்கத்தில் பாதியை எடுத்துக்கொண்டார். ‘சுந்தர் கழிவுநீர் ஊர்தி. அழைத்தால் உடனே வருவோம்.’

“அழைக்காட்டாலும் வரா,” என்றாள் காமு.

காமு அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். பத்து வார்த்தை வேண்டிய இடத்தில் பதினோராவதைச் சேர்க்கமாட்டாள். கொஞ்ச காலமாக அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நாறிக்கொண்டிருந்தது. அவர்கள் வீடு மட்டுமல்ல, அந்த வரிசை முழுக்க அப்படித்தான். பாத்திரம் கழுவினால் பாத்திரம் நாறும். குளித்தால், குளிக்காமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றும். காரணத்தைக் காமு மொட்டைமாடியிலிருந்து கண்ணாரப் பார்த்திருந்தாள். விடியற்காலையில் சுந்தர் லாரி காலனிக்குப் பின்னால் வந்து, பள்ளிக்கரணைப் பக்கம் போகும் மழைநீர்க் கால்வாயில் குழாயை விட்டுக் கொட்டிவிட்டுப் போகும். புகார் கொடுத்தாயிற்று, பலனில்லை. இப்போது தேர்தல். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறவர்கள் அவசரத்தில் முன்னாலேயே வருகிறார்கள். இந்தத் தடவை விட்டால் மறுபடி எப்போதோ? அவள் நாலு வரி எழுதிக் கணவரிடம் கொடுத்தாள்.

‘சுந்தர் லாரிகள் நம் கால்வாயில் கழிவைக் கொட்டுகின்றன. கிணறுகள் நாறுகின்றன. வேட்பாளர்கள் வரும்போது கேட்போம். பதில் சொன்னால்தான் ஓட்டு.’

ஸ்ரீரங்கன் படித்தார். “பிரமாதமா எழுதியிருக்கே,” என்றார். பிறகு பேனாவைத் திறந்தார். ஐயா, ஒரு பத்திரிகாசிரியன் பேனாவைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்காதீர்கள்.

ஆதாரம் இல்லாமல் தனிமனிதர் பெயரைப் போடுவது தர்மமா? ‘சுந்தர்’ போயிற்று. லாரி என்றாலே ஊரில் எல்லோருக்கும் யாரென்று தெரியுமே? அது ‘சில வாகனங்கள்’ ஆயிற்று. கொட்டுகின்றன என்பது கடுமையான வார்த்தை அல்லவா? ‘வந்து செல்கின்றன’ என்று சாந்தமடைந்தது. கழிவு என்ற சொல் காலை வேளையில், அதுவும் காபியோடு படிக்கிறவர்களுக்கு உகந்ததா? ‘நீர்’ என்றாலே போதாதோ? கிணறு, வீட்டு உள்விவகாரம். ஓட்டு பற்றிச் சொன்னால் நடுநிலை கெடும். இப்படி அடித்து, திருத்தி, அடித்து, ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தபோது செய்தி ஒரே வரியாக, மாசுமருவற்று நின்றது.

‘நம் காலனிக்குப் பின்புறக் கால்வாயில் இப்போதெல்லாம் நீரோட்டம் நன்றாக இருக்கிறது.’

காமு அதைப் படித்தாள். கத்தவில்லை. “இதுல எங்கே பொய்யிருக்குன்னு தேடினேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

“பார்த்தியா?” என்றார் ஸ்ரீரங்கன் பெருமையாக. அது வசவு என்று அவருக்கு உறைக்கவில்லை. அவள் குரலில் இருந்த வலி, பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்று சாயங்காலமே முதல் வேட்பாளரின் ஜீப் காலனிக்குள் நுழைந்தது. காமு வாசலில் தயாராக நின்றாள். வேட்பாளர் கையில் ‘நடுநிலை’ இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஷ்யாம்சுந்தர்; ஜீப்பில் பின்னால் அவரும் சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தார்.

“தாய்மார்களே, எந்தத் தெருவுக்குப் போனாலும் தண்ணி பிரச்சினை, கால்வாய் பிரச்சினைன்னு சொல்றாங்க. உங்க கால்வாய் நல்லா ஓடுதுன்னு உங்க பத்திரிகையே எழுதியிருக்கு. குறையே இல்லாத காலனியில நான் பேசி உங்க நேரத்தை வீணாக்க விரும்பல,” என்று ஒலிபெருக்கியில் நன்றி சொல்லிக் கும்பிட்டார். ஜீப் நிற்காமல் திரும்பியது. காமு திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

ஸ்ரீரங்கனுக்கு மட்டும் கால் தரையில் பாவவில்லை. தன் பத்திரிகையை ஒரு வேட்பாளர் மேற்கோள் காட்டிவிட்டாரே! இரவு முழுக்க நாறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டே அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

மறுவாரம் எதிர்த்தரப்பு வேட்பாளர் வருவதாக இருந்தது. முந்தின நாள் அயூப் கடையில் காமுவும் ஷபீனாவும் நின்றதைச் சிலர் பார்த்தார்கள். ஷபீனா அயூப்பின் மனைவி. கால்வாயை ஒட்டிய கடைசி வீடு அவர்களுடையது, அங்கே நாற்றம் இன்னும் ஒரு படி அதிகம். விடிந்தபோது எல்லா வாசலிலும் ஒரு துண்டுத்தாள் கிடந்தது. காமு முதலில் எழுதிய அதே நாலு வரி, ‘சுந்தர்’ உட்பட. ஸ்ரீரங்கன் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார்.

“அயூப், இதுக்குப் பின்னாடி யாரோ பெரிய ஆள் இருக்கா. எழுத்தைப் பார், அனுபவப்பட்ட கை. இன்னொரு லாரி கம்பெனியோட வேலையா இருக்கும். யார்னு விசாரி.”

“வெசாரிக்கிறதுக்கு இன்னா கீது சார்? உங்க வூட்டு அம்மாதான் எய்தினாங்க. என் மிஷின்லதான் அடிச்சேன்.”

ஸ்ரீரங்கன் யோசித்தார். ஒரு நிமிடம் அவர் முகம் வாடியதாகக்கூட அயூப் பிற்பாடு சொன்னார். ஆனால் ரகம் ரகம்தான். “காமுவோட தம்பி பள்ளிக்கரணையில இருக்கான்,” என்றார் மெல்ல. “அவன் சிநேகிதன் ஒருத்தன் லாரி வாங்கப்போறதா போன வருஷம் பேச்சு வந்தது. அப்படி வருதா கதை?”

ஜீப் வந்தது. பெண்கள் ஆரத்தித் தட்டுகளோடு வரிசையாக நின்றார்கள். வேட்பாளர் அகமகிழ்ந்து இறங்கி, நெற்றியை நீட்டினார். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு ஏற்பட்டிருக்கவில்லை; கிணற்றிலிருந்து மொண்ட தண்ணீருக்கே போதுமான நிறம் இருந்தது. காமு தட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். வேட்பாளரின் புன்னகை மூக்கருகே வந்து நின்றது. இரண்டாவது சுற்றில் கைக்குட்டை வெளியே வந்தது. மூன்றாவது சுற்று ஷபீனாவுடையது.

“எங்க கெணத்துத் தண்ணிங்க. தெனமும் இத்தான் புழங்குறோம். நீங்க ஒரு வாய் குடிங்க, நாங்க ஓட்டு போடுறோம்,” என்றாள் ஷபீனா.

தெரு முழுக்கச் சிரித்தது. ஜீப் பின்னால் போகப் பார்த்தது, பின்னாலும் தட்டுகள். வேட்பாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, லாரியைத் தடுத்து நிறுத்தி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதிவிட்டுத்தான் மறுபடி இந்தத் தெருவுக்கு வருவேன் என்று ஒலிபெருக்கியிலேயே வாக்குக் கொடுத்தார். காமு அதை இரண்டு தடவை சொல்லச் செய்தாள். நிருபர்கள் படம் எடுத்தார்கள். இவ்வளவையும் ஸ்ரீரங்கன் மாமரத்தடியில் நின்று, வாயைப் பிளந்தபடி, தம் இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

மறுநாள் காலை நான்கு பேப்பர்களிலும் ஒரே படம்: வேட்பாளர் முன்னால் தட்டு ஏந்திய காமு. முதல் பேப்பர், ‘வேட்பாளருக்குப் பெண்கள் ஆரத்தி எடுத்து உற்சாக வரவேற்பு’ என்றது. இரண்டாவது, ‘பெண்கள் முற்றுகை: வேட்பாளர் ஓட்டம்’ என்றது. மூன்றாவது, ‘ஆரத்தியின்போது பரபரப்பு’ என்றதோடு நிறுத்திக்கொண்டது. நான்காவது தங்கம் விலை குறைந்ததைப் போட்டுவிட்டு, படத்துக்கு அடியில் காமுவின் தட்டு வெள்ளியா என்று ஆராய்ந்திருந்தது.

ஸ்ரீரங்கன் நான்கையும் கூடத்தில் விரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலால் படங்களை அளந்துகொண்டிருந்தார். காமு காபியை வைத்தாள்.

“ஏன்னா, என்ன பார்த்துண்டிருக்கேள்?”

“நேத்திக்கு நம்ம தெருவில உண்மையில என்ன நடந்ததுன்னு பார்க்கறேன்.”

“நீங்க அங்கேதானே நின்னேள்?”

“நின்னேன். ஆனா ஒரே ஆள் பார்த்ததை வெச்சு எப்படி முடிவுக்கு வரமுடியும், காமு?”

இப்படி ஒரு மனிதர் உண்டா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எழுதி முடித்ததும் இதைச் சிநேகிதர்கள் சிலருக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் என்னை ஓரமாக அழைத்துப்போய், அந்த இரண்டு வேட்பாளர்களும் எந்தெந்தக் கட்சி, நான் யார் பக்கம் என்று ரகசியமாக விசாரித்தார்கள். கிணற்றுத் தண்ணீர் இப்போது எப்படி இருக்கிறது என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீங்கள் கேட்க நினைத்தீர்கள் அல்லவா?