பூட்டிய வீட்டுப் புல்லாங்குழல்

ஜெமீல் ஹாஜியாருக்கு அஸர் தொழுகையில் மனம் நிற்கவில்லை. மகள் ஸம்றாவுக்காகப் பக்கத்து வளவில் கட்டிய புது வீட்டுக்குள்ளிருந்து மூன்று நாளாகப் புல்லாங்குழல் கேட்கிறது. வெறுங்குழல் என்றாலும் பரவாயில்லை, கூடவே பியானோவும்! குழல் மூச்சு விடாமல் ஏறி இறங்கித் துள்ள, பியானோ அதைத் துரத்து துரத்தென்று துரத்துகிறது. வீட்டிலோ ஆளில்லை. பத்து நாளில் கலியாணம் முடிந்துதான் மாப்பிள்ளை அங்கே குடிவர வேண்டும்.

அந்தச் சம்பந்தத்திலேயே அவருக்குச் சந்தேகம். மாப்பிள்ளை ஸஜாத் எஞ்சினியர். வீட்டைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. "கலியாணத்த மட்டும் கெதியா வெச்சு, மகனக் கூட்டிட்டுப் போங்க காக்கா," என்று அவசரப்படுத்தினார் அவன் உம்மா ஸுஹைறா. திரைச்சீலைக்கு அளவெடுக்க ஒரு தரம் சாவிக்கொத்தை வாங்கித் திருப்பித் தந்ததோடு சரி.

"இவ்வளவு நல்ல மனுசர் எங்க இரிக்காங்க? என்னத்தயோ ஒளிக்காங்க."

"வாயக் கழுவுங்க! வந்த மாப்பிள்ளையும் ஓடிருவான்," என்றாள் மனைவி முனவ்வறா.

யாரோ கள்ளத்தனமாக நுழைகிறார்கள் என்று முன்கதவில் பெரிய பூட்டாகப் போட்டார். மறுநாள் பூட்டு போட்டபடி கிடக்க, உள்ளே குழல் துள்ளியது. ஹாஜியார் முனவ்வறாவிடம் ஓடினார்.

"மனுசன் இப்படி ஊதேலுமா? இது ஜின்தான். மாப்பிள்ள வீட்டாக்களுக்குத் தெரிஞ்சா எல்லாம் முடிஞ்சிது!"

சத்தத்தை அமுக்கத் தன் வீட்டு ஒலிபெருக்கியில் மார்க்கப் பயான் பேச்சொன்றைப் போட்டார். குழல் இன்னும் உரத்து ஊதியது. பக்கத்து வீட்டு மர்ஷூதா மதிலால் எட்டிப் பார்த்தாள்.

"புது வீட்டுக்குள்ள என்ன சத்தம் காக்கா?"

"ரேடியோ."

"அங்க இன்னும் கரண்ட் எடுக்கல்லியே!"

தனியே கதவைத் திறக்கப் பயந்து மௌலவி ஷரிபுதீனைக் கூட்டி வந்தார். ஒழுங்கை நிறைய ஆள் சேர்ந்துவிட்டது. மௌலவி கதவில் காதை வைத்துக் கேட்டார்.

"ஒரே இடத்தில பிழை விட்டு, திரும்ப முதல்ல இருந்து ஊதுது. ஜின்னுக்கு இவ்வளவு பொறுமை இல்ல ஹாஜியார்."

அந்த நேரம் பார்த்து ஓட்டோவில் ஸுஹைறா வந்து இறங்கினார். மர்ஷூதா போனில் கோல் எடுத்துச் சொல்லிவிட்டாள். ஹாஜியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தங்கச்சி, வேற வீடு கட்டித் தாறன். என்ட புள்ளட கலியாணத்த மட்டும் நிப்பாட்டிராதீங்க!"

ஸுஹைறா வீட்டின் பின்பக்கம் போய், கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். உள்ளே வெள்ளிக் குழலும் கையுமாக, வியர்த்து வழிந்துகொண்டு ஸஜாத். தரையில் அவன் போன் பியானோ வாசித்துக்கொண்டிருந்தது.

"கொழும்புக் கச்சேரிக்கு இன்னும் அஞ்சு நாள்தான் மாமா," என்று அசடு வழிந்தான். "எங்கட வீட்டுல ஊத விடுறாங்க இல்ல. உம்மாதான் சாவி வெட்டித் தந்தாங்க."

ஹாஜியார் வாயைப் பிளந்துகொண்டு ஸுஹைறாவைப் பார்த்தார்.

"எட்டு வருசமா இந்த ஒரே பாட்டுத் துண்ட நாங்க கேட்டுட்டம் காக்கா," என்றார் ஸுஹைறா, அந்தச் சாவியை ஹாஜியாரின் கையில் வைத்தபடி. "பின்ன ஏன் ஒண்டும் வேணாம், கெதியாக் கூட்டிட்டுப் போங்க எண்டு சொன்னன்?"