யாரும் ‘வாங்க’ சொல்லாத நாள்

சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்தக் கொதிப்பு. எனக்குப் பொறாமை. பக்கத்து வயலில் மேகம் முதலில் இறங்கினால்கூட, எங்கள் வயலில் அது என்ன குறை கண்டது என்று கேட்கிற பிறவி நான். ஐம்பதை நெருங்கும்போது இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. வெட்கமெல்லாம் இருபது வயதிலேயே, ஒரே பகலில், ஊர் முன்னால் தீர்ந்துபோயிற்று.

அப்போது கொடைக்கானலில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் கூக்கால். ஏரிமேல் மஞ்சு படுத்திருக்கும். அதற்கு மேலே படிப்படியாகப் பூண்டு வயல். அதற்கும் மேலே எங்கள் வீடு. அடுப்புக்கு மேலே பரணில் பூண்டுக் கட்டுகள் தொங்கும். புகையில் அவை பதப்படும். கூடவே என் தாவணியும் பதப்படும், பாடப்புத்தகமும் பதப்படும், நானும் பதப்படுவேன். வகுப்பில் நான் நோட்டைத் திறந்தால் பக்கத்து இருக்கை ஷைலா ஜன்னலைத் திறப்பாள். (ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அந்த நாகரிகம்தான் எனக்கு இன்னும் எரிந்தது.) ஷைலா டவுன்காரி. அவள் வீட்டு வாசலில் குருவி மாதிரி கூவுகிற அழைப்பு மணி இருந்தது. எங்கள் வீட்டு அழைப்பு மணி என் பெரியப்பா.

அந்த வருடம் பின்லாந்திலிருந்து சில மாணவிகள் ஒரு மாதம் எங்களோடு படிக்க வந்தார்கள். சமூகவியல் பேராசிரியை கட்டுரைப் போட்டி வைத்தார்: ‘என் சமூகமும் பிற சமூகங்களும்’. ஜெயிக்கிற ஒருத்தி பின்லாந்துக்குப் போய் ஆறு மாதம் படிக்கலாம்.

எழுதினேன் என்று சொல்ல முடியாது. கொட்டினேன். அங்கே கதவுகள் மூடியிருக்கும். இங்கே கதவு என்பது ஆடு உள்ளே வராமலிருக்க. அங்கே ஒருத்தி தெருவில் நடந்தால் நடந்துகொண்டே போகலாம். இங்கே ஏரிவரை போய்த் திரும்புவதற்குள் எங்கே, எதற்கு, சாப்பிட்டாயா, என்ன குழம்பு என்று பதினோரு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கே மௌனம் மரியாதை. இங்கே மௌனமாக இருந்தால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். (பின்லாந்தை நான் பார்த்தது நூலக அட்லஸில். சுண்டுவிரல் நகமளவு பச்சை, அதில் நீலப் புள்ளிகள். அதை வைத்து எட்டுப் பக்கம்.)

கடைசிச் சுற்றில் நானும் ஷைலாவும் மிஞ்சினோம். ஹன்னா என்ற பின்லாந்துப் பெண் எங்கள் இருவர் வீட்டிலும் ஒவ்வொரு நாள் இருந்துவிட்டு ஒரு குறிப்பு எழுதித் தருவாள். கட்டுரையையும் அந்தக் குறிப்பையும் வைத்து முடிவு. ஷைலா வீட்டுக்குப் போய்வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். “அமைதியாக இருந்தது” என்றாள். அமைதி! எங்கள் வீட்டில் இல்லாத ஒரே சாமான்.

அமைதியைத் தயார்செய்ய நான் முந்தின நாளே ஊருக்குப் போனேன். வீட்டையும் அக்கம்பக்கத்தையும் கூட்டிச் சட்டம் போட்டேன்.

“நாளைக்கு அவ வரும்போது யாரும் ‘வாங்க வாங்க’ன்னு கத்தக்கூடாது. சாப்டியான்னு கேக்கக்கூடாது. வயசு கேக்கக்கூடாது. கல்யாணம் ஆச்சான்னு கேக்கவே கூடாது. யார் வந்தாலும் போனாலும் வீடு அமைதியா இருக்கணும்.”

“அப்ப என்னதான் புள்ள பேசுறது?” என்றாள் அம்மா.

“பேச வேண்டாம். சிரிச்சாப் போதும்.”

“பேசாமச் சிரிச்சா கிறுக்குன்னு நெனைக்காதா அந்தப் பிள்ளை?”

“அப்பச் சிரிக்கவும் வேண்டாம்.”

பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், கையைத் தூக்கினார். “நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன் தாயி. அந்த நாட்டுல பூண்டு வெளையுதா?”

“கூடாது பெரியப்பா.”

“வெளையலேன்னா என்னத்தத் தட்டிப்போட்டு ரசம் வைக்கிறாங்க? அதையாவது…”

இவரை நம்ப முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனின் மூன்று தலைமுறையைப் பெருமாள்மலை வருவதற்குள் விசாரித்துவிடுகிற மனிதர். அதனால் அவருக்கு மட்டும் தனிச் சட்டம்: உள்ளறையில் படுத்துக்கொள்ள வேண்டும், நான் சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது.

“கம்பளிய இழுத்துப் போத்திக்கிட்டுக் கெடக்கேன், போதுமா? வெளிநாடு போற புள்ள சொல்லுது” என்றார், பாவம்.

மறுநாள் விடியலில் கொடைக்கானல் போய், ஹன்னாவைக் கூட்டிக்கொண்டு திரும்பிவந்து பஸ்ஸைவிட்டு இறங்கினேன். எனக்குத் தெரியாமல் அவள் இரண்டு சொல் தமிழ் கற்றுவந்திருந்தாள். எதிரே வந்த சித்தியிடம் கைகூப்பினாள்.

“வணக்கம். சாப்டீங்களா?”

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டீக்கடை அண்ணனிடமும் கேட்டாள். அவருக்குப் பதில் தொண்டைவரை வந்தது. என் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டார். ஏரி, காற்று, எங்கள் செருப்புச் சத்தம். ஊர் அப்படி ஊமையாகி நான் பார்த்ததே இல்லை. வீட்டில் அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா சத்தமில்லாமல் சோறு போட்டாள்.

“என்மேல் கோபமா?” என்று ஹன்னா ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள்.

“இல்லை, இது எங்கள் பண்பாடு” என்றேன். (பொய்க்கும் ஓர் அளவு வேண்டாமா?)

அப்போதுதான் ஜீப் சத்தம் கேட்டது. அம்மாவின் தம்பி, பண்ணைக்காட்டு மாமா, விதைப்பூண்டு வாங்க அத்தையோடு வந்திறங்கினார். தோளில் மலைவாழைத் தார்.

“என்ன மச்சான், வெள்ளனே கெளம்பியும் பெருமாள்மலையில வண்டி மக்கர் பண்ணிருச்சு!”

அப்பா வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். மூடித் தலையைக் குனிந்துகொண்டார். கூடப்பிறந்தவனை வாவென்று சொல்ல முடியாத கொடுமையில் அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமா முற்றத்திலேயே நின்றார். வந்த ஆளை ‘வாங்க’ என்று சொல்லாத வீடு எங்கள் பக்கத்தில் ஒன்றுதான். சாவு வீடு.

மாமாவின் கண் ஒவ்வொரு தலையாக எண்ணியது.

“பெரிய மச்சான் எங்க?”

அம்மா உள்ளறையைக் கை காட்டினாள்.

வாழைத்தார் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. உள்ளே, தலை முதல் கால்வரை கம்பளி மூடி, நேராக, அசையாமல் பெரியப்பா. சொன்ன சொல் தவறாத மனிதர்.

“அய்யோ பெரிய மச்சான்! எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலியே! விதைப்பூண்டு எடுத்து வச்சிருக்கேன் வாடான்னு நீங்கதானே சொன்னீங்க!”

மாமா அவர் காலில் விழுந்தார். அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். ஒப்பாரிக்கு முன்னால் என் சட்டம் எம்மாத்திரம்? அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். யாருக்கு என்னவென்று கேட்காமலே தோளோடு தோள் கட்டி அழ ஆரம்பித்தார்கள். நான் “இல்ல, இல்ல” என்று கத்தியது அந்தச் சத்தத்தில் அழுகையின் ஒரு பகுதியாகவே சேர்ந்துபோயிற்று. இரண்டு சித்திகளுக்கு நடுவே ஹன்னா. வாயைத் திறந்து, மூக்கு சிவக்க, விம்மி விம்மி அழுகிறாள்.

கம்பளி மெல்ல எழுந்து உட்கார்ந்தது.

“ஏலே மாப்ளே, யாருலே போனது?”

மாமா அலறிக்கொண்டு சுவரில் போய் ஒட்டினார். மூச்சு வந்ததும் கோபமும் வந்தது. “உசுரோட இருக்க ஆளு ஒரு சத்தம் குடுக்க மாட்டீங்களா?”

“இந்தப் புள்ளதான் எந்திரிக்கக் கூடாதுன்னுச்சு.”

முப்பது முகம் என் பக்கம் திரும்பியது. முப்பத்தொன்றாவதாக ஹன்னாவும் திரும்பி, என்ன நடந்தது என்று கேட்டாள். என்மேலான குற்றப்பத்திரிகையை நானே ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

அதற்குப்பிறகு சட்டமாவது ஒன்றாவது. வயது என்ன, அண்ணன் தம்பி எத்தனை, கல்யாணம் ஏன் ஆகவில்லை. சிதறிய வாழைப்பழத்தைப் பொறுக்கித் தின்றுகொண்டே ஹன்னா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பெரியப்பாவும் கேட்டே விட்டார். பூண்டு விளைகிறது, ரசம் கிடையாது என்று தெரிந்ததும் “அடப் பாவமே” என்றார். அன்றைக்கு நிஜமாகத் துக்கம் விசாரித்தது அது ஒன்றுக்குத்தான்.

திரும்பும் பஸ்ஸில் ஹன்னா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: “என் தாத்தா இறந்தபோது ஆறு பேர் வந்தோம். அழைப்பு கிடைத்த ஆறு பேர். இங்கே யாருமே சாகவில்லை, முப்பது பேர் அழுதார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.”

பொறாமையா! அது என் சொத்து. என் வீட்டில் சாப்பிட்டு, என் சித்திமார் தோளில் அழுது, கடைசியில் அதையும் எடுத்துக்கொண்டாள்.

அவள் எழுதிய குறிப்பில் பெரியப்பா இருந்தார், மாமா இருந்தார், வாழைத்தார்கூட இருந்தது. நான் இல்லை. பேராசிரியை என் எட்டுப் பக்கத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “பூங்கொடி, ரெண்டும் ஒரே ஊர்தானா?” என்று கேட்டார். ஷைலா பின்லாந்து போனாள். மிச்ச நாளெல்லாம் ஹன்னா சனி ஞாயிறானால் கூக்கால் போனாள்; என் பாயில் படுத்தாள், பூண்டுக் கட்டு கட்டக் கற்றாள், பூண்டு மணக்க வகுப்புக்கு வந்தாள். அவளுக்காக யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை.

இப்போதும் குடும்ப வாட்ஸப் குழுவில் அவள் இருக்கிறாள். காலையில் “சாப்டீங்களா?” என்று போடுவாள். மொத்தச் சனமும் பதில் போடும். நான் வணக்கம் போட்டால் இரண்டு நீலக் கோடு.

நான் ஊருக்குப் போனால் யாரும் ‘வாங்க’ சொல்வதில்லை. டீக்கடையிலிருந்து வீடுவரை எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள், பொடிசுகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உள்ளறையில் கம்பளி தயாராகப் படுத்திருக்கும். நான் காலடியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதால்தான் அது எழுந்திருக்கும், அதன்பிறகுதான் காபி. போன மாதமும் அழுதேன். எழுபத்தைந்து வயது பெரியப்பா கம்பளிக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் காட்டினார்.

“பத்தல தாயி. ஹன்னா இதவிட நல்லா அழுதா.”