இடைவேளையில் எழுந்து போன சம்பந்திக்கு

விருத்தாசலம்
11.2.2008

சேத்தியாத்தோப்பு திரு. கோவிந்தராசு அவர்களுக்கு, செராமிக் சூளை மேஸ்திரி தேவநாதன் கைகூப்பி எழுதுவது. இங்கே நான், மனைவி அம்சவல்லி, மகள் கயல்விழி மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் வீட்டம்மாவும் மாப்பிள்ளை பாரியும் அவ்வாறே இருக்கக் கொளஞ்சியப்பரை வேண்டுகிறேன். மாப்பிள்ளை என்று எழுதலாமா கூடாதா என்பது இன்று காலையிலிருந்து தெரியவில்லை. பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

காலையில் தரகர் சுப்புராயன் வந்தார். கொடுத்த டீயைத் தொடவில்லை. தாங்கள் நேற்று சிதம்பரத்தில் என்னைப் பற்றிய படத்துக்குப் போனதாகவும், இடைவேளை விட்டதும் எழுந்து பஸ் ஏறிவிட்டதாகவும், மாசியில் வைத்திருந்த நிச்சயதார்த்தத்தை நிறுத்தச் சொன்னதாகவும் சொன்னார். காரணம் கேட்டதற்குத் தங்கள் வார்த்தையை அப்படியே ஒப்பித்தார்: "பச்சப்புள்ளய தண்ணியில வுட்டுட்டு பிஸ்கட்ட தூக்கிட்டு வந்த ஆளு வூட்டுல எப்படிங்க சம்பந்தம் பண்றது?"

ஐயா, படக்காரர்கள் எனக்கு அனுப்புவதாகச் சொன்ன பாஸ் வராததால் நான் அதுவரை படமே பார்க்கவில்லை. அம்சவல்லியை அழைத்துக்கொண்டு மதியக் காட்சிக்குப் போனேன். பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2005 மழையில் ஏரி உடைந்து எங்கள் கம்பெனிக்குள் மார்பளவு தண்ணீர் வந்தது. தாழ்வான கொட்டகையில் பூவாயியும் இன்னும் எட்டுப் பெண்களும் பொம்மைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டி, பலகையைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது பேரையும் மேட்டுக்குக் கொண்டுவந்தேன். பிறகு இன்னொரு நடை போய் இரண்டு தட்டு பிஸ்கட்டை எடுத்துவந்தேன். எங்கள் தொழிலில், களிமண்ணில் வார்த்துக் காயவைத்து இன்னும் சுடாத பொம்மைக்குப் பச்சை என்று பெயர். ஒரு சூடு வெந்து, பளபளப்புக்கான கிளேஸ் பூசாமல் இருப்பதற்கு பிஸ்கட் என்று பெயர். பச்சை தண்ணீர் பட்டால் கரையும், பிஸ்கட் கரையாது. இது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லா ஊரிலும் தெரியும் என்று நான் நினைத்ததுதான் பிழை.

போன வருஷம் ஜெயஸ்ரீ என்கிற உதவி இயக்குநர் பெண் நோட்டும் கையுமாக வந்தது. சாதாரண மனிதர்களின் வீரத்தைப் படமாக எடுக்கிறோம் என்றது. ஒன்பது பேரைப் பற்றிச் சொன்னதை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு, மனசை விட்டுப் போகாதது எது என்று கேட்டது. உள்ளதைச் சொன்னேன். "பச்சையத்தாம்மா காப்பாத்த முடியல. கண்ணு முன்னால கரைஞ்சு போயிடுச்சு. பிஸ்கட்ட மட்டும் தூக்கிட்டு வந்துட்டேன்." எத்தனை நாள் ஆகியிருந்தது என்று கேட்டது. மூன்று நாள் என்றேன். முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டது. "போனா போவுது, வேற பண்ணிக்கலாம்னாரு." அந்தப் பெண் அழுதுவிட்டது. சுடாத பொம்மைக்கு அழுகிற மனசு சென்னையில் இருக்கிறதே என்று நானும் கண் கலங்கினேன். அதையும் எழுதிக்கொண்டது. கடைசியில், சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு தாளில் என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது.

அந்தக் கையெழுத்தைத்தான் படத்தின் தொடக்கத்தில் போடுகிறார்கள். பிறகு என் பெயர், என் ஊர், என் மீசை. மூன்று நாள் குழந்தை ஒன்று வெள்ளத்தில் மிதந்து வருகிறது. தேவநாதன் அதைப் பார்க்கிறான். அலமாரியில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டைப் பார்க்கிறான். மறுபடி குழந்தையைப் பார்க்கிறான். பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போகிறான். போகிற வழியில் பிரித்து ஒன்று தின்கிறான். எதற்குத் தின்ன வேண்டும் என்பது எனக்கு இந்த நிமிஷம் வரை விளங்கவில்லை. அங்கே இடைவேளை. தாங்கள் எழுந்து போனதில் தப்பே இல்லை. நானே எழுந்திருப்பேன், மீதியையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பாதியில் அந்தப் பாவத்தைக் கழுவ நாற்பது பேரைக் காப்பாற்றுகிறான். மீதி முப்பத்தொரு பேர் யாரென்றே எனக்குத் தெரியாது.

சினிமாக் கொட்டகையில் பாதிப்பேர் சூளையில் வேலை செய்கிறவர்கள். பச்சை எது, பிஸ்கட் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களும் அழுதார்கள். முன் வரிசையிலிருந்து பூவாயி, நான் இடுப்பில் கயிறு கட்டி இழுத்து வந்த அதே பூவாயி, திரும்பிப் பார்த்து, "ஏன் மேஸ்திரி, அந்தக் கொழந்தைய அன்னிக்கு நாங்க யாருமே பாக்கலியே" என்றது. அம்சவல்லி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "கொழந்த யாருதுங்க?" என்றாள்.

ஜெயஸ்ரீக்குப் போன் செய்தேன். கதாநாயகனுக்கு ஒரு குற்ற உணர்ச்சி இல்லாவிட்டால் அவன் ஏன் தண்ணீரில் இறங்குகிறான் என்று ஜனங்களுக்குப் புரியாதாம். ஒன்பது பேர் உள்ளே இருந்ததால் இறங்கினேன் என்றேன். அது படத்துக்குப் போதாதாம்.

கயல்விழி மதியம் சாப்பிடவில்லை. நிச்சயப் புடவையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டது. நேரில் வந்து விளக்குகிறேன் என்று கிளம்பினேன். "நீங்க போயி பேசாதீங்கப்பா. நீங்க சொன்னா வேற மாதிரி ஆயிடுது. எழுதிக் குடுங்க" என்றது. அதனால் எழுதினேன். படத்தில் வருவது பொய். குழந்தை என்று ஒன்று இல்லவே இல்லை. என் மகளை இதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால், சுப்புராயனிடம் ஒரு பச்சையும் ஒரு பிஸ்கட்டும் கொடுத்தனுப்புகிறேன். தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கம். பாரி எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
தேவநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தங்கள் வீட்டம்மா பானுமதி அம்மாள் போன் செய்தார்கள். நேற்று தாங்கள் பஸ் ஏறிய பிறகும் அவர்கள் எழுந்திருக்காமல் முழுப் படமும் பார்த்தார்களாம். இன்னும் அழுகை நிற்கவில்லையாம். "செஞ்ச தப்ப நெனச்சு நெனச்சு நாப்பது பேர காப்பாத்துன மனுஷன். அவரு வூட்டுப் பொண்ணுதான் எனக்கு மருமவ. எங்க வூட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா ஒண்ணு, படத்துல வந்ததெல்லாம் நெசந்தானுங்களே?" என்று கேட்டார்கள். அம்சவல்லி ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கயல்விழியும் பார்த்தது. இதை வாங்கிப்போகத் திரும்பி வந்த சுப்புராயன் பஸ்ஸுக்கு அவசரப்படுவதால் வேறு தாளில் எழுத நேரமில்லை. ஆகவே மேலே உள்ளதைத் தாங்கள் படிக்க வேண்டாம். குழந்தையைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தது நான்தான். நிச்சயத்தை வைத்த தேதியிலேயே வைத்துக்கொள்ளலாம்.